விடிய ஐந்து மணிக்குக் கொழும்பில் குடும்பத்தோடு: நூதனசாலை பார்க்கப் போய்த் தங்குமிடத்தில் பட்ட பாடு

யாழ்ப்பாணத்தில் இருந்து பிள்ளைகளையும் வயது போனவர்களையும் கூட்டிக்கொண்டு, சனி ஞாயிறில் கொழும்பு நூதனசாலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூதனசாலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் யாராவது சொல்வார்கள். எங்கே தங்குவது என்று கேட்டால் மட்டும் "வெள்ளவத்தையில எத்தினை இடம் கிடக்கு, போய்ப் பாருங்கோவன்" என்பதோடு கதை முடிந்துவிடும். விடிய ஐந்து மணிக்கு, நித்திரை கலைந்து அழுகிற மகனோடும் முழங்கால் நோவோடு நிற்கிற மாமியோடும் பூட்டிய கேற்றின் முன்னால் நின்றபோது, போகமுதல் ஒருவராவது விபரமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு விம்மியது.

மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். நாவலர் வீதியில் இருக்கும் எங்கள் யாழ்ப்பாண நூதனசாலைக்கு ஒருமுறை கூட்டிப் போனதில் இருந்து அவளுக்குப் பழைய பொருட்களில் பைத்தியம். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு கொழும்பில் இருக்கிறது, அதில் தமிழும் இருக்கிறது என்று வகுப்பில் ஆசிரியை சொன்ன நாளில் இருந்து "அம்மா, எப்ப போறம்?" என்ற கேள்விதான். அவளுடைய அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கும் வெள்ளிக்கிழமை வேலை, திங்கள் பள்ளிக்கூடம். ஆகவே வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு திரும்பும் பஸ் என்று முடிவெடுத்தோம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. தங்குமிடச் சிக்கல் தொடங்குவதும் இந்த நேரக் கணக்கில்தான்.

முந்தி என்றால் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கிவிடுவோம். இப்போது அவர்கள் எல்லாரும் இரண்டு அறை பிளாட்டில் இருக்கிறார்கள், ஒருவர் வேலைக்கும் மற்றவர் வகுப்புக்கும் போகிற வீட்டில் நாலு பேர் போய்ப் பாய் விரிப்பது சரியில்லை. மாமிக்கு லொட்ஜ் என்றாலே பயம். அதில் நியாயம் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதை அவ கண்ணால் பார்க்கவில்லை என்றாலும், அந்த நாளின் செய்தியை மறக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. "கோடு சொன்னது சரி பிள்ளை, சனம் பட்ட பாடு பட்டதுதானே" என்பா. இப்போது அந்தக் காலம் இல்லை என்று நான் சமாதானம் சொல்லி, எங்கே போனாலும் எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கும் என்று உறுதி கொடுத்த பிறகுதான் சம்மதித்தா.

மாமியின் முழங்காலை நினைத்து, நூதனசாலைக்குக் கிட்ட இருக்கும் இடமாகத் தேடினேன். ஒரு முன்பதிவுச் செயலியில் "தேசிய நூதனசாலைக்கு நடந்து போகலாம், குடும்ப அறை, நாலு பேர்" என்று ஓர் இடம் வந்தது. வரைபடத்தில் குறி விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு இரவுக்கு 12,000 ரூபா. தொலைபேசியில் எடுத்துக் கதைத்தேன், நன்றாகத் தமிழில் கதைத்தார்கள். பாதிக் காசை வங்கியில் போடச் சொன்னார்கள், போட்டேன். விடிய வருவோம் என்றும் சொன்னேன். "வாங்க மிஸ், பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தது. அந்தப் "பிரச்சினை இல்லை" என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது என்பது பிறகு தெரிந்தது.

பஸ் எங்களை வெள்ளவத்தையில் இறக்கும்போது இன்னும் இருட்டு. ஓட்டோக்காரருக்கு விலாசத்தைக் காட்டினேன். அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, இது நூதனசாலைப் பக்கம் இல்லை, மருதானைப் பக்கம் என்றார். வரைபடத்தில் இருந்த குறியும் விலாசமும் வேறு வேறு இடங்கள். விலாசத்தின் கடைசியில் கொழும்பு 10 என்று இருந்தது. இதை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வரைபடக் குறியை நம்ப வேண்டாம், கொழும்பு என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். நூதனசாலை இருப்பது கொழும்பு 7, கறுவாத்தோட்டம். கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, பொரளை 8, மருதானை 10, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த எண் பொய் சொல்லாது. எண் போடாமல் தெருப் பெயரை மட்டும் தருகிற இடம் என்றால், கேட்டு வாங்குங்கள்.

போய் இறங்கினால் கேற் பூட்டு. மணியை அடித்து, தொலைபேசியில் எடுத்து, காவலாளி வந்து திறக்கக் கால்மணி நேரம் போனது. முகாமையாளர் என்று ஒரு தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "மிஸ், செக்-இன் ரெண்டு மணிக்குத்தான். இப்பவே ரூம் வேணும்னா அரை நாள் காசு கட்டணும்." இன்னும் 6,000. விடிய வருவோம் என்று சொல்லியிருந்தேனே என்றேன். வரலாம் என்றுதான் சொன்னோம், சாமானை வைத்துவிட்டு வெளியே போய்வரலாம் என்ற கருத்தில்தான் சொன்னோம் என்றார். இரவு முழுக்க இருந்தபடி வந்த மாமிக்குக் கால் வீங்கியிருந்தது. மகன் என் தோளில் திரும்ப நித்திரை. அந்த நேரத்தில் வாதாட என்னிடம் தெம்பில்லை, காசைக் கட்டினேன். கையில் ரசீதும் தரவில்லை. அங்கே நின்றபோது வந்தது கோபம்கூட இல்லை, ஊர் பேர் தெரியாத இடத்தில் மூன்று பேருக்கும் நான் ஒருத்திதான் பொறுப்பு என்ற பயம்.

இரவு பஸ்ஸில் போகிறவர்கள் தங்குமிடத்திடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல, "நாங்கள் விடிய 5 மணிக்கு வந்தால் எந்த நிமிடத்தில் கட்டிலில் படுக்கலாம், அதற்கு எவ்வளவு?" என்பதுதான். கொழும்பில் பெரும்பாலான இடங்களில் பிற்பகல் 2 மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள், மறுநாள் முற்பகல் 11 அல்லது 12 மணிக்கு எழுப்பிவிடுவார்கள். எங்கள் பஸ் கணக்குக்கும் இதற்கும் பொருத்தமே இல்லை. சனி விடிய வந்து ஞாயிறு இரவு கிளம்புகிற குடும்பம் ஓர் இரவுக்கு அறை எடுத்தால், வரும்போது ஒன்பது மணித்தியாலமும் போகும்போது எட்டு ஒன்பது மணித்தியாலமும் தெருவில்தான். பதிலை வாய்ப்பேச்சில் விடாமல் வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதிக் கேட்டால்தான் அவர்களும் யோசித்துப் பதில் தருகிறார்கள்.

அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. படி ஒடுக்கம், ஒவ்வொரு படியும் என் முழங்காலுக்குப் பாதி உயரம், மேலே வழுக்கும் டைல்ஸ், கைபிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டது. மாமி முதல் திருப்பத்தில் சுவரில் கையை ஊன்றி நின்றா. "பிள்ளை, எனக்கு இதில ஏறேலாது. நான் கீழ கதிரையில இருக்கிறன், நீ பிள்ளையளக் கொண்டு போ." அவவைக் கீழே தனியே விட்டுவிட்டு நான் எப்படி மேலே போவது? காவலாளியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, திருப்பத்துக்குத் திருப்பம் இருந்து இருந்து ஏற்றினோம். குடும்ப அறை என்றது ஒரு இரட்டைக் கட்டில், நிலத்தில் போட ஒரு மெத்தை. அந்த மெத்தைக்கு இன்னும் 2,500 ரூபா என்றார்கள். யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஏசி இயந்திரங்கள், கை நீட்டினால் தொடலாம். குளியலறை வாசலில் ஓர் அடி உயரப் படி, அதைத் தாண்ட மாமிக்கு நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

நாலு பேரும் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்போம். எட்டு மணிக்குமுன் பக்கத்து அறைக் கதவு அடிபடத் தொடங்கியது. ஆட்கள் வருவதும் போவதும், சத்தமும் சிரிப்பும். மகளைக் கூட்டிக்கொண்டு தேத்தண்ணி வாங்கக் கீழே இறங்கியபோது வரவேற்பு மேசையில் மணிக்கணக்கு வாடகை எழுதிய அட்டையைக் கண்டேன். வளர்ந்த பெண்பிள்ளையோடு அங்கே இன்னொரு மணித்தியாலமும் இருக்க மனம் ஒப்பவில்லை. மணிக்கணக்கில் அறை கொடுக்கிறவர்கள் எப்படியோ பிழைக்கட்டும், ஆனால் அதையே குடும்ப விடுதி என்று விளம்பரம் செய்வது அநியாயம். நீங்கள் முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தொலைபேசியில் எடுத்து, "பகலில் ரெண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் அறை கிடைக்குமா?" என்று வீட்டு ஆம்பிளை ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஓம் என்றால் அந்த இடம் நமக்கு வேண்டாம். பிறகு, படியையும் குளியலறையையும் ஒரு சிறு வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரப் படங்களில் கட்டிலும் தலையணையும்தான் இருக்கும், படி ஒருநாளும் இருக்காது. நல்ல இடம் என்றால் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் பின்னேரம் நான் கேட்டபோது இரண்டு இடங்கள் சாக்குச் சொன்னன, ஒன்று உடனே அனுப்பியது. கடைசியில் தங்கியது அங்கேதான்.

ஆனால் அதற்குமுன் நூதனசாலைக்குப் போனோம், மகளின் முகத்தைப் பார்த்துப் போகாமல் இருக்க முடியவில்லை. போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது, சரியான வெயில். மாமி முன் வளவில் இருக்கும் பெரிய ஆலமரத்தடியில் இருந்துவிட்டா. மகன் இரண்டாவது கூடத்திலேயே என் காலைக் கட்டிக்கொண்டு தூங்கினான், அவனைத் தூக்கியபடி நடந்தேன். மகள் கல்வெட்டு எங்கே என்று தேட, நான் கதிரை எங்கே என்று தேடினேன். அரைவாசி பார்த்ததோடு வெளியே வந்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அழுகையை வரவைத்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து 400 கிலோமீற்றர் வந்து, ஆசையாகக் காத்திருந்த பிள்ளைக்கு அரைகுறையாகக் காட்டிக் கூட்டிப்போகிறேனே என்று இருந்தது.

ஆலமரத்தடியில் இருந்தே கூட வேலை செய்கிற அக்கா ஒருவருக்கு எடுத்தேன். அவ அடிக்கடி தாயை வைத்தியத்துக்குக் கொழும்புக்குக் கூட்டிவருபவ. "நோயாளியைக் கொண்டு வாறவை எங்க தங்கினமோ அங்க தங்குங்கோ" என்றா. இவ்வளவு நல்ல புத்திமதியை அதற்குமுன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்தில் இருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கென்றே நாள் வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கின்றன. லிஃப்ட், கொமோட், சின்னக் குசினி, வெந்நீர் எல்லாம் அவர்கள் கேட்காமலே வைத்திருப்பார்கள். விடிய பஸ்ஸில் வருகிறவர்கள்தான் அவர்களின் வாடிக்கையாளர்கள் என்பதால் வந்த நேரத்தில் இருந்து 24 மணித்தியாலக் கணக்கு. நாங்கள் பிடித்த வீடு ஒருநாளைக்கு 14,000. முதல் இடத்தைவிட 2,000 கூட என்று பார்த்தால் கூடத்தான், அரை நாள் காசும் மெத்தைக் காசும் சேர்த்துப் பார்த்தால் குறைவு.

முதல் இடத்தில் சாமானை எடுக்கப் போனபோது காசைத் திருப்பிக் கேட்டேன். முற்பணம் திருப்பித் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். முற்பணம் 6,000, அரை நாளுக்கு 6,000, மெத்தைக்கு 2,500, இடம் மாறிய ஓட்டோக் காசு என்று 15,000 ரூபாவுக்கு மேல் போனது. எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. செயலி வழியாகப் பதிந்துவிட்டுக் காசை மட்டும் நேரே வங்கியில் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெளியே கட்டிய காசு செயலிக்காரரின் கணக்கில் இல்லை, முறையிட்டாலும் அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. போய்ப் பார்த்துவிட்டுக் கட்டலாம் என்ற ஏற்பாடு உள்ள இடமாகப் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எத்தனை பேர், யார் யாருக்கு என்ன வயது, மேலதிகமாக ஏதாவது காசு உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். குடும்ப அறை என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்குப் புரட்டாதிச் சனி. மாமிக்கு மரக்கறிச் சாப்பாடு வேண்டும், கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்க வேண்டும். முதல் இடத்தைச் சுற்றி விடிய நான் தேடியும் அவ நம்பிச் சாப்பிடக்கூடிய ஒரு கடை அகப்படவில்லை, பிஸ்கட்டும் பிளேன்ரீயும்தான். வெள்ளவத்தைக்கு வந்தபிறகு வாசலில் இறங்கினாலே இடியப்பமும் சொதியும், பின்னேரம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டும் வந்தா. தங்குமிடம் என்பது கட்டில் மட்டும் இல்லை, அதைச் சுற்றி நூறு யார் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதும்தான். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு நூதனசாலை கிட்ட இருப்பதைவிடச் சாப்பாட்டுக்கடையும் மருந்துக்கடையும் கிட்ட இருப்பதுதான் பெரிய உதவி. நூதனசாலைக்கு ஒரே தரம்தான் போகிறோம், சாப்பிட மூன்று தரம் இறங்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு 7இல் நூதனசாலைக்குப் பக்கத்தில் தங்குவதென்றால் பெரும்பாலும் நம் கைக்கு எட்டாத வாடகை. கொள்ளுப்பிட்டி கிட்ட, ஆனால் அங்கும் விலை கூட. புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும், கோட்டை ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்தில், அங்கிருந்து நூதனசாலைப் பக்கம் 138ஆம் இலக்க பஸ் போகும். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு அது சரி, பிள்ளைகளோடு என்றால் அந்தச் சன நெரிசலில் நிம்மதி இல்லை. கொட்டாஞ்சேனையில் நம் சனம் நிறைய, கோயில்களும் நிறைய, ஆனால் நூதனசாலைக்கு நகரத்தைக் கடந்து வர வேண்டும். நான் சொல்வது பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும்தான். வெள்ளவத்தையில் இருந்து நூதனசாலை ஐந்து ஆறு கிலோமீற்றர். ஞாயிறு காலை என்றால் தெரு வெறுமையாக இருக்கும், ஓட்டோவில் சட்டென்று போய்விடலாம்.

நாங்கள் ஞாயிறு அப்படித்தான் போனோம். இரவு எல்லாரும் நன்றாக நித்திரை கொண்டு, குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, காலை 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நின்றோம். அதே கட்டடமா என்று இருந்தது. 1877ஆம் ஆண்டு திறந்த அந்த வெள்ளை மாளிகையை, அதைக் கட்டுவித்த ஆளுநர் கிரெகரியின் சிலையை, முதல்நாள் நான் கண்ணெடுத்துப் பார்க்கவே இல்லை. மகள் கல்வெட்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதி போட்டுச் செதுக்கிய கல், 1911இல் காலியில் கிடைத்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்கிறது. தேய்ந்த எழுத்துகளுக்குள் ஒரு "ந"வைக் கண்டுபிடித்துவிட்டு என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலச் சிலைக்கு முன்னால் மாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டா. கண்டி அரசரின் சிம்மாசனம், 1693இல் ஒல்லாந்தர் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பிக் கொடுத்தது என்று மகள் தம்பிக்கு விளக்க, அவன் அதில் ஏறி இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டே நின்றான். பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலையும் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் கூடப் பிடிக்கும். இரண்டையும் பார்க்க நல்ல நித்திரை கொண்ட ஒரு முழுக் காலை வேண்டும். ஆகவே இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய நாளில் நூதனசாலையை வைக்காதீர்கள். அன்றைக்குப் படுத்து எழும்பி, பின்னேரம் கடற்கரைக்கோ கோயிலுக்கோ போங்கள். நூதனசாலை இரண்டாம் நாள் காலையில்.

ஞாயிறு இரவு பஸ் வரைக்கும் என்ன செய்வது என்பதையும் முன்பே கதைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் அடுத்த ஆட்கள் வருவது திங்கள் விடியத்தான் என்பதால் அரை வாடகைக்கு இரவு வரை இருக்க விட்டார். அப்படி இடம் இல்லாவிட்டால் பெட்டிகளையாவது வைக்க முடியுமா, கிளம்பமுன் முகம் கழுவ ஓர் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். பஸ் ஏறும் இடத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்கினால் இரவில் ஓட்டோவுக்கும் அலைய வேண்டியதில்லை.

அடுத்த முறை வெள்ளிக்கிழமை லீவு போட்டு, பகல் ரயிலில் போகப் போகிறோம். பின்னேரம் இறங்கினால் அறை தயாராக இருக்கும், இரவுக்கு ஒரு முழு நித்திரை கிடைக்கும், விடிய வருவதற்கு அரை நாள் வாடகை கொடுக்கும் காசில் ரயில் சீட்டே எடுத்துவிடலாம். சீட்டை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும், பாடசாலை விடுமுறைக் காலம் என்றால் கடைசி நேரத்தில் கிடைக்காது. லீவு போட முடியாதவர்கள் வெள்ளி இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள், பஸ்ஸில் இருக்கும் இரவுக்கும் காசு கட்டுவதுபோல் தெரியும், ஆனால் விடிய ஐந்து மணிக்குச் சாவி உங்கள் கையில் இருக்கும்.